ஸகாத் மூட்டைக்குள் இருந்த ஈர நெல்



பதிவு கொஞ்சம் நீளம். வெள்ளாமை வெட்டும் நடக்கிறது, நோன்பும் நெருங்கி வருகிறது. இரண்டோடும் சம்பந்தப்பட்ட ஒரு வரலாறு என்பதால் பொறுமையாக வாசிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

போன கிழமை அஸர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போது வயல்காரர் ஒருவர் சொன்னார். "இப்ப மெஷின் வந்த பிறகு நிம்மதி சேர். கூலிக்காரனுக்குப் பின்னால திரியத் தேவையில்ல. காலையில இறக்கினா பகலைக்கு முன்னம் மூட்ட வீட்டுக்கு வந்திரும்."

இரண்டு நாள் கழித்து, பாடசாலை வாசலில் பிள்ளையைக் கூட்டிப் போக வந்த ஒரு ராத்தா சொன்னா. "முந்தி வெட்டுக் காலத்துல கதிர் பொறுக்கியாவது ரெண்டு மரைக்கால் சேப்பம் சேர். களவெட்டிக்குப் போனா வெறுங்கையோட அனுப்பமாட்டாங்க. இப்ப வட்டைப் பக்கம் போய் என்ன செய்ய?"

இரண்டு பேரும் பேசியது ஒரே மெஷினைப் பற்றித்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இதைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு மலாய்க் கிராமம் நினைவுக்கு வந்தது. நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இதே இரண்டு பேச்சும் அங்கே, நம்மைப் போன்ற முஸ்லிம் விவசாயிகளுக்கு மத்தியில் நடந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

இடம் மலேசியாவின் வடமேற்கில் உள்ள கெடா மாநிலம். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய இடமல்ல. 1025ஆம் ஆண்டளவில் ராஜேந்திர சோழன் படையெடுத்துப் போன கடாரம் இதுதான். கெடாவின் முடா சமவெளி மலேசியாவின் மிகப் பெரிய நெற்களஞ்சியம். ஏறத்தாழ 96,000 ஹெக்டேயர் பரப்பு. பெரும்பாலும் மலாய் முஸ்லிம் விவசாயிகள்.

1978 முதல் 1980 வரையான காலத்தில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்கொட் என்ற ஆய்வாளர் அந்தச் சமவெளியில் உள்ள ஒரு சின்னக் கிராமத்தில் போய்த் தங்கினார். எழுபது சொச்சம் குடும்பங்கள். ஆட்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக ஊரின் பெயரையும் மனிதர்களின் பெயர்களையும் மாற்றி, கிராமத்துக்கு 'செடாகா' என்று பெயர் வைத்தார். நமக்கு 'ஸதகா' என்ற சொல்லை நினைவூட்டும் பெயர். அவர் அங்கே கண்டதை 1985இல் புத்தகமாக வெளியிட்டார். 'பலவீனர்களின் ஆயுதங்கள்' என்பது அதன் தலைப்பின் கருத்து. 2024இல் அவர் காலமானார்.

அவர் போன நேரத்தில் அந்த ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது?

1960களின் பிற்பகுதியில் உலக வங்கியின் கடனுதவியோடு முடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தது. அணைகள் கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். மழையை நம்பி வருடத்துக்கு ஒரு போகம் செய்த நிலத்தில் 1970 முதல் இரண்டு போகம் செய்ய முடிந்தது. முதல் சில வருடங்கள் எல்லோருக்கும் நல்ல காலம். வயல்காரனுக்கு இரண்டு விளைச்சல். காணி இல்லாதவனுக்கும் இரண்டு தடவை நடுகை, இரண்டு தடவை வெட்டு, இரண்டு தடவை சூடடிப்பு. கூலிக்காக வேறு ஊர்களுக்குப் போய் அலைந்தவர்கள் வீட்டோடு இருந்து சோறு தின்றார்கள்.

பிறகு பெரிய வெட்டு மெஷின்கள் வந்தன. 1975இல் முடாவில் கிட்டத்தட்ட முழு வெள்ளாமையும் கையால் வெட்டி, கையால் அடிக்கப்பட்டது. 1980 ஆனபோது நூற்றுக்கு எண்பது பங்கை மெஷின் வெட்டியது. வெறும் ஐந்து வருடம். ஒரு மெஷினின் விலை அன்றைய மலேசிய நாணயத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் டொலர். கிராமத்தான் யாரும் வாங்கக்கூடிய விலை அல்ல. நகரத்து முதலாளிமார் கூட்டாகச் சேர்ந்து வாங்கி வாடகைக்கு விட்டார்கள். நெல் வேலையால் ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்துவந்த கூலியில் ஏறத்தாழ பாதி இல்லாமல் போனது.

போனது கூலி மட்டுமல்ல. கையால் வெட்டி அடிக்கும்போது தாளில் கொஞ்சம் நெல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஏழைப் பெண்களும் பிள்ளைகளும் சேர்த்தெடுப்பார்கள். நெல் அடிப்பவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் அரைகுறையாக அடிப்பதும் உண்டு, பின்னால் பொறுக்க வருவது அவர்களின் மனைவி மக்கள்தானே. மெஷின் தாளைச் சிதறடித்துவிட்டுப் போனது. பொறுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. குத்தகைக்குச் செய்தவர்களின் நிலையும் ஆடியது. மெஷின் இருக்கிறது, ஆள் தேவையில்லை என்று ஆன பிறகு காணிக்காரர் பலர் குத்தகையை நிறுத்தித் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். சிலர் பெரிய தொகையை முன்பணமாகத் தரக்கூடியவர்களுக்கே கொடுத்தார்கள்.

அந்த ஏழைகள் என்ன செய்தார்கள்?

இங்கேதான் வரலாற்று ஆசிரியர்களாகிய நாங்கள் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. 1818 ஊவா வெல்லஸ்ஸ கலகம், 1848 மாத்தளைக் கலகம், வீர புரன் அப்பு என்று வகுப்பில் கற்பிக்கிறோம். ஆயுதம் எடுத்தவன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. செடாகாவில் யாரும் ஆயுதம் எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. மெஷினுக்கு வெட்டுக் கொடுத்தவன் சொந்தக்காரன். அவனோடு ஒரே பள்ளியில் ஒரே ஸப்பில் நின்று தொழ வேண்டும். நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் அவனிடம்தான் கடன் கேட்க வேண்டும். பொலிஸும் கட்சியும் அவன் பக்கம். அதனால் எதிர்ப்பு வேறு வழியில் வந்தது.

முதலில் பெண்கள். அங்கே நாற்று நடுவது பெண்களின் வேலை, குழுக் குழுவாகப் போவார்கள். தங்கள் புருஷன்மாருக்கும் தங்களுக்கும் வெட்டு வேலை தராமல் மெஷினை இறக்கியவனுக்கு நாற்று நடப் போவதில்லை என்று அவர்களுக்குள் பேச்சு வந்தது. யாரும் அறிவிக்கவில்லை. "அந்தப் பிள்ளைகளுக்கு மனவருத்தமாம்" என்று காற்றுவாக்கில் ஒரு கதை வயல்காரரின் காதுக்குப் போனது. பிறகு ஆள் கேட்டுப் போனால், "மற்ற வயல் இன்னும் முடியல்ல, கொஞ்சம் பொறுங்க" என்ற பதில். நாற்று முற்றிவிட்டால் விளைச்சல் குறையும். வாய்க்கால் தண்ணீருக்கும் காலக்கெடு உண்டு. வயல்காரர் பதறினார்கள், பிற ஊரிலிருந்து ஆள் கொண்டுவருவோம் என்று மிரட்டினார்கள். கடைசியில் பெண்கள்தான் விட்டுக்கொடுத்தார்கள். அந்த வகையில் அது தோல்வி. ஆனால் ஒரு குழு தயங்கி நின்ற வயலுக்கு அதே ஊரின் இன்னொரு குழு முந்திக்கொண்டு போகவில்லை. பட்டினி இருந்த வீடுகள்தான் அவை. "வரமாட்டோம்" என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லாததால், தோற்ற பிறகும் முகம் முறியாமல் திரும்பிப் போய் வேலை செய்ய முடிந்தது. அந்த மறைப்பு அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு.

மெஷின்களுக்கும் 'விபத்து' நடந்தது. எரிபொருள் தாங்கிக்குள் மணலும் சேறும். இரவில் பெற்றரியைக் கழற்றி வாய்க்காலில் போட்டிருந்தார்கள். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. வயலில் அடுக்கிய மூட்டைகளில் ஒன்றிரண்டு விடியும்போது குறைந்திருக்கும். அதுவும் யாருக்கும் தெரியாது.

பிறகு வாய்ப்பேச்சு. காசு சேர்த்தும் கொடுக்காதவன் கஞ்சன், கண்டும் காணாமல் போகிறவன் பெருமைக்காரன். இந்த இரண்டு பட்டமும் மலாய்க் கிராமத்தில் பெரிய அடி. ஹஜ் செய்தும் குணம் மாறாதவர்களுக்குப் 'போலி ஹாஜி' என்ற கருத்தில் விதவிதமான பட்டப்பெயர்கள் இருந்தன, முதுகுக்குப் பின்னால்தான். புத்தகத்தில் 'ஹாஜி புரூம்' என்று ஒருவர் வருகிறார். புரூம் என்றால் துடைப்பம். காணிகளையெல்லாம் கூட்டி அள்ளியதால் வந்த பெயர். வட்டி ஹராம் என்பதால் அவர் வட்டிக்குக் கொடுக்கவில்லை. கடன் கேட்டு வந்தவனிடம் காணியை விலைக்கு வாங்கியதாக எழுதிக்கொள்வார். குறித்த தவணைக்குள் காசைத் திருப்பித் தந்தால் காணி திரும்பும். தவணை தவறினால் காணி அவருக்கே. கடிதத்தில் வட்டி என்ற சொல்லே இருக்காது. அவர் மௌத்தான பிறகும் ஏழைகள் அவர் கதையைச் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். செத்தவரைப் பற்றிச் சொல்வது போல, உயிரோடு இருக்கும் பணக்காரர்களுக்குச் சொன்ன பாடம் அது.

பணக்காரர்களுக்கும் ஒரு கதை இருந்தது. ரஸாக் என்ற ஏழை. சோம்பேறி, பொய்க்காரன், கோழிக் கள்ளன், கொடுத்தாலும் உருப்படமாட்டான் என்பது அவர்கள் பேச்சு. ஒரு ரஸாக்கைக் காட்டி எல்லா ஏழைகளுக்கும் கொடுக்காமல் இருக்கலாம் அல்லவா? நமதூரிலும் இப்படி ஒரு ரஸாக் எப்போதும் நம் வாயில் இருக்கிறானா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஸகாத் விடயம். இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதத் தொடங்கினோம்.

முன்பு கெடாவில் நெல் ஸகாத்தை ஊருக்குள்ளேயே ஏழைகளுக்கும் இமாமுக்கும் ஓதிக்கொடுப்பவருக்கும் கொடுத்து வந்தார்கள். 1955இல் மாநில அரசு சட்டம் போட்டு ஸகாத் அலுவலகம் அமைத்தது. ஊருக்கு ஊர் ஆமில் நியமிக்கப்பட்டார். நெல் ஸகாத் ஆமிலிடம் போக வேண்டும், அங்கிருந்து தலைநகர் அலோர் ஸ்டாருக்கு. ஏற்பாடு பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் போன நெல் ஊருக்குத் திரும்பவில்லை. பெரும்பகுதி மார்க்கக் கல்விக்கும் பொதுக் காரியங்களுக்கும் நிர்வாகத்துக்கும் போனது. கிராமத்து ஏழையின் கைக்கு வந்தது சொற்பம். நடைமுறையில் நெல் செய்கிறவன்தான் பிடிபட்டான். சம்பளக்காரனிடமும் வேறு தொழில் செய்கிறவனிடமும் அதே இறுக்கம் இல்லை. மக்கள் அதற்கு 'ஸகாத் ராஜா' என்று பெயர் வைத்தார்கள், அரசரின் ஸகாத். தங்கள் கையால் கொடுப்பதற்குப் பெயர் 'ஸகாத் பெரிபாடி', அதாவது சொந்த ஸகாத்.

அரசரின் ஸகாத்துக்கு எதிராக ஊர்வலமோ மகஜரோ ஒன்றும் இல்லை. ஆனால் சிலர் காணியைப் பதியவே இல்லை. சிலர் ஐந்து ஏக்கரை மூன்று என்று சொன்னார்கள். விளைச்சலைக் குறைத்துச் சொன்னவர்கள் இன்னும் அதிகம். கொண்டுபோய்க் கொடுத்த நெல்லோ ஈரமாக, பழுதாக இருக்கும். வைக்கோலும் மண்ணும் கல்லும் சேர்ந்து எடை நிற்கும். ஸ்கொட்டின் கணக்கில், அந்த ஊரில் சட்டப்படி சேர வேண்டிய ஸகாத்தில் சேர்ந்தது ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்துதான்.

அலுவலகத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் யாரும் "தரமாட்டேன்" என்று சொல்லவில்லையே, யாரைப் பிடிப்பது? ஊர் முழுவதையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், முஸ்லிம் விவசாயிகள் அரசின் ஸகாத்தைக் கொடுப்பதில்லை என்று நாட்டுக்கே தெரியவரும். வாக்கும் போகும். ஆகவே அரசும் பேசவில்லை, விவசாயியும் பேசவில்லை. இரண்டு பக்கமும் மௌனமாக இருந்ததால் ஆவணத்தில் ஒன்றுமே இல்லை. நாளை ஒரு வரலாற்று மாணவன் கெடா அரசின் கோப்புகளை மட்டும் புரட்டினால், அங்கே ஸகாத் பிரச்சினையே இருக்கவில்லை என்று எழுதிவிடுவான்.

இதே கெடாவில் 1980 ஜனவரியில் நெல் மானியத்தைக் காசாகத் தராமல் கூப்பனாகத் தருவதை எதிர்த்து ஆயிரக்கணக்கான விவசாயிகள் அலோர் ஸ்டாரில் திரண்டார்கள். அது பத்திரிகையில் வந்தது, கைதுகள் நடந்தன, வரலாற்றிலும் இருக்கிறது. ஈர நெல் மூட்டை பத்திரிகையில் வரவில்லை. ஆனால் அது போகத்துக்குப் போகம், வருடக் கணக்கில் ஒரு சட்டத்தை உள்ளுக்குள் அரித்துத் தின்றுகொண்டிருந்தது. பிரான்ஸிலும் திருச்சபைக்குச் செலுத்த வேண்டிய பத்திலொரு பங்கைக் குடியானவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இப்படித்தான் குறைத்துக் குறைத்துக் கொடுத்தார்கள். 1789 புரட்சியில் அது ஒழிக்கப்பட்டபோது ஏற்கெனவே அது பாதி செத்துப் போயிருந்தது. ஸ்கொட் இந்த இரண்டையும் ஒப்பிட்டுத் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸகாத் பர்ளு. அதை மறைப்பதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. அந்த விவசாயிகளில் மறைத்ததைத் தங்கள் வயிற்றுக்கு வைத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். அதைப் புரட்சி என்று தூக்கிப் பிடிக்கவும் முடியாது. மூட்டை திருடுபோனது எல்லாம் நீதிக்கான போராட்டம் என்றும் சொல்ல முடியாது, சில வேளை ஏழை திருடியது இன்னொரு ஏழையிடமிருந்துதான். இந்தக் குறையைப் பல அறிஞர்கள் ஸ்கொட்டிடம் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த மக்கள் ஸகாத்தை மறுத்தவர்கள் அல்லர். அலுவலகத்துக்கு ஈர நெல் கொடுத்த அதே மனிதர், வெட்டு முடிந்ததும் தன் வயலில் வேலை செய்த ஏழைக்குக் கூலிக்கு மேலாக ஸகாத் என்று சொல்லி நெல் அளந்து கொடுத்தார். யாருக்குப் போகிறது என்று கண்ணால் கண்டதற்குக் கொடுத்தார், காணாததற்கு மறைத்தார்.

கதை இதோடு முடிந்தால் "கூட்டு ஸகாத் வேண்டாம், அவரவர் கையால் கொடுப்பதே நல்லது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிச் சொல்ல முடியாதபடி ஒன்று நடந்தது.

மெஷின் வந்த பிறகு அந்தச் சொந்த ஸகாத்தும் வற்றத் தொடங்கியது. முன்பு வயல்காரர் கொடுத்ததில் தர்ம சிந்தனையும் இருந்தது, தேவையும் இருந்தது. அடுத்த போகத்துக்கு இந்த ஆள் வர வேண்டும், மழைக்கு முன் வெட்டித் தர வேண்டும். ஆள் தேவையில்லை என்று ஆனதும் கையும் சுருங்கியது. கந்தூரிச் சாப்பாடு குறைந்தது, பெருநாள் கொடை குறைந்தது. கொடுக்காததற்குக் காரணமும் கிடைத்தது: "அவங்க இப்ப எங்கட வயலுக்கு வாறதில்லையே." வராதது அவர்கள் குற்றமா?

கடைசியில் செடாகாவின் ஏழைக்கு இரண்டு பக்கமும் அடைபட்டது. அரசரின் ஸகாத் அலோர் ஸ்டாருக்குப் போனது. சொந்த ஸகாத் மெஷினோடு போனது. அப்போது அவன் கையில் மிஞ்சியது முணுமுணுப்பும், பட்டப்பெயரும், இரவில் குறையும் ஒரு மூட்டையும்தான். அவற்றைத்தான் நாம் களவு என்றும் நன்றிகெட்டதனம் என்றும் சொல்கிறோம். அவன் மனதில் இருந்தது வேறு கணக்கு. எனக்குச் சேர வேண்டியதை நிறுத்தியவன் நீ, நான் எடுத்தது அதில் கொஞ்சம். இந்தக் கணக்கு ஷரீஅத்துக்குச் சரியா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பது வசதியுள்ளவர்களுக்குத் தெரியாமலே இருந்தது. அந்த ஊரில் எல்லோரும் ஸலாம் சொன்னார்கள், சிரித்தார்கள், கல்யாணத்துக்கு வந்து உதவினார்கள். முகத்தைப் பார்த்து எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று நினைத்தார்கள்.

நாங்கள் இதை எழுதுவது மெஷினை நிறுத்தச் சொல்வதற்காக அல்ல. மழை இருட்டிக்கொண்டு வரும்போது, கடன்பட்டுச் செய்த வெள்ளாமை வயலில் நிற்கும்போது, ஒரு சிறு விவசாயிக்கு அந்த மெஷின் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கும் தெரியும். ஆனால் மெஷின் மிச்சம்பிடித்துத் தந்ததில், அது வேலையை எடுத்துக்கொண்ட ஆளுக்கு ஏதும் போகிறதா? இந்தக் கேள்வியை செடாகாவில் யாரும் பள்ளிவாசலுக்குள் வெளிப்படையாகக் கேட்கவில்லை. நமதூரில் கேட்கலாம்.

நோன்பு வரப்போகிறது. கூட்டு ஸகாத் பற்றிய பேச்சு இந்த முறையும் வரும். ஒரு தரப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கச் சொல்லும், இன்னொரு தரப்பு அவரவர் கையால் கொடுக்கச் சொல்லும். இரண்டுக்கும் ஆபத்து உண்டு என்று கெடா காட்டுகிறது. சேர்த்தது எங்கே போனது என்று கொடுத்தவனும் வாங்க வேண்டியவனும் காணாவிட்டால், ஈர நெல் மூட்டைதான் வரும். அவரவர் கையால் என்று விட்டால், நமக்கு வேலைக்குத் தேவைப்படுகிற ஏழைக்குக் கிடைக்கும், தேவைப்படாத ஏழை மறந்துபோவான். ஸகாத் ஏழையின் ஹக் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஹக் என்றால், அவன் நம் வயலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது அவனுடையதுதானே?

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் ஸகாத் வேலையில் இருக்கும் சகோதரர்களுக்கும் பணிவான இரண்டு கோரிக்கைகள். ஒன்று, பட்டியல் எழுதும்போது வழமையான பெயர்களோடு, முன்பு வெட்டுக்கும் சூடடிப்புக்கும் கதிர் பொறுக்கவும் போய், இப்போது வேலையற்று இருக்கும் வீடுகளையும் தேடிப் பாருங்கள். அவர்கள் கேட்டு வரமாட்டார்கள். இரண்டு, எவ்வளவு சேர்ந்தது, எத்தனை குடும்பத்துக்கு எவ்வளவு போனது என்பதைப் பெயர்கள் இல்லாமல், தொகைகளை மட்டும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். ஊர் தன் கண்ணால் பார்க்கட்டும்.

எங்கள் மாணவர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் மூத்தம்மாவிடம், உம்மாவிடம் கேளுங்கள். வெட்டுக் காலத்தில் என்ன கூலி, களவெட்டியில் யாருக்கு என்ன கிடைத்தது, கொடுக்காதவருக்கு ஊர் என்ன பட்டம் வைத்தது? கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அது எந்தக் கச்சேரிக் கோப்பிலும் இருக்காது. பட்டப்பெயர்களை மட்டும் தயவுசெய்து இங்கே கருத்துப் பகுதியில் போட்டுவிடாதீர்கள், ஊரில் நாங்களும் இருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நமது வெள்ளாமையிலும், அதில் பிறருக்குள்ள பங்கைக் கொடுத்துவிடும் மனத்திலும் பறக்கத் செய்வானாக.